பழைய வால்வு ரேடியோவுக்கு மாற்று உதிரிபாகங்களை நாமே செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: 1940களின் வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. ஒரு குமிழைக் காணோம், டயல் கண்ணாடி உடைந்திருக்கிறது, உள்ளே மெழுகுக் கண்டென்சர்கள் உருகி வழிந்து கிடக்கின்றன. அசல் பாகங்கள் கிடைக்கவில்லை. பழைய தோற்றம் கெடாமல் இவற்றில் எதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம்?

வால்வைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்யலாம். வடிவத்தை நகலெடுப்பது பெரிய காரியமல்ல. அந்தப் பாகம் அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்காமல் விடுவதால்தான் பெரும்பாலான மாற்றுப் பாகங்கள் வீணாகின்றன. மின்சாரத்தைத் தடுத்ததா, சூட்டைத் தாங்கியதா, இழுவையைத் தாங்கியதா என்று முதலில் பாருங்கள். நிறமும் பளபளப்பும் அதற்குப் பிறகு. கழற்றிய பாகம் எவ்வளவு சிதைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அளவெடுக்க அது வேண்டியிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்களில் மெயின்ஸின் (வீட்டு மின்சாரத்தின்) ஒரு கம்பி நேராகச் சேசிஸில், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டில், இணைந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் செருகினோம் என்பதைப் பொறுத்து முழுச் சேசிஸிலும் மெயின்ஸ் வோல்டேஜ் நிற்கலாம். இப்படிப்பட்ட செட்டை மேசையில் வைத்து வேலை செய்ய செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். எந்த செட்டானாலும், அணைத்த பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில விநாடிகள் குறுக்கே பிடித்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் கண்டென்சரும் கெடும், கையும் சுடும். பெட்டியின் உள்சுவரில் வால்வுகளுக்கு அருகே சாம்பல்வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுரண்டாமல் அப்படியே விடுங்கள்.

குமிழிலிருந்து தொடங்கலாம். ஜோடியில் ஒன்று மிஞ்சியிருந்தால் அதை மாதிரியாக வைத்து சிலிக்கான் ரப்பர் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசினில் வார்ப்பதே நல்ல வழி. 3டி பிரிண்ட் செய்த குமிழை அப்படியே மாட்டினால் அடுக்குக் கோடுகள் தெரியும். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகவும் தொடங்கும். ஆனால் மாதிரிக் குமிழே இல்லாதவர்கள் படத்தைப் பார்த்து ஒன்றைப் பிரிண்ட் செய்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அதை வைத்து அச்சு எடுக்கலாம். அந்த இடத்தில் 3டி பிரிண்டர் நன்றாகவே உதவும்.

சிலிக்கானில் இரண்டு வகை. டின் வகை மலிவு, எதன்மேல் ஊற்றினாலும் இறுகும், ஆனால் நாளாக ஆகச் சற்றுச் சுருங்கும். பிளாட்டினம் வகை சுருங்காது, ஆனால் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். ஒன்றிரண்டு குமிழ்தான் வேண்டும் என்றால் டின் வகையே போதும்.

அச்சு எடுக்கும்போது தண்டுத் துளை நடுவில் அமைவதுதான் சிக்கல். திடமாக வார்த்துவிட்டு அப்புறம் துளையிட்டால் துளை கொஞ்சம் தள்ளிப்போகும், குமிழ் சுற்றும்போது ஆடுவது கண்ணை உறுத்தும். இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு தட்டையான பலகையின் நடுவில், தண்டின் அதே விட்டமுள்ள கம்பியை நிமிர்த்திப் பதியுங்கள். மாதிரிக் குமிழை முகம் மேலே இருக்கும்படி அதில் செருகுங்கள். குமிழைத் தண்டில் இறுக்கும் சிறு திருகான கிரப் ஸ்க்ரூவின் துளையை மெழுகால் அடைத்து, குமிழின் மேல் மெழுகு பாலிஷை மெல்லிதாகப் பூசித் துடையுங்கள். சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டு, பலகையின்மேல் துல்லியமாக உட்காரும் சதுரச் சட்டம் ஒன்றை வையுங்கள். 35 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. உயரமும் உள்ள குமிழுக்கு உள்ளளவு 55 மி.மீ. சதுரமும் 35 மி.மீ. உயரமும் உள்ள சட்டம் சரியாக இருக்கும், ஏறக்குறைய 100 கிராம் சிலிக்கான் பிடிக்கும். எடை பார்த்துக் கலந்து, ஒரு மூலையில் மட்டும் உயரத்திலிருந்து நூல்போல ஊற்றுங்கள், குமிழிகள் வழியிலேயே உடையும். ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

இறுகியதும் தலைகீழாகத் திருப்பிப் பலகையைக் கழற்றி, மாதிரிக் குமிழை வெளியே எடுத்தால் முகம் அடியில் இருக்கும் கிண்ணம்போல அச்சு கிடைக்கும். அதே பலகைதான் இப்போது மூடி. சட்டம் பழைய இடத்திலேயே உட்காருவதால் கம்பி தானாக நடுவுக்கு வந்துவிடும். கம்பியில் வாசலின் தடவி, வெளிவிட்டம் 10 மி.மீ. உள்ள பித்தளைப் புஷ் (தண்டில் உட்காரும் சிறு குழாய்) ஒன்றை மாட்டுங்கள். புஷ்ஷின் வெளிப்புறத்தில் அரத்தால் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் போட்டிருக்க வேண்டும். வழவழப்பாக விட்டால் ரெசின் பிடிக்காது, சில மாதத்தில் புஷ் உள்ளேயே தனியாகச் சுற்றும். மூடியில் 3 மி.மீ. துளை இரண்டு போடுங்கள், மிகுதி ரெசின் அதன் வழியே வெளியேறும். ஒன்று கவனியுங்கள்: வால்யூம் கண்ட்ரோலின் நட்டு பெட்டியின் முன்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்தால், குமிழின் பின்புறத்தில் அது அடங்கக் குழி வேண்டும். அசல் குமிழின் பின்பக்கம் குடைவாக இருப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். வார்க்கும் முன் மூடியில் அந்தக் குழி அளவுக்கு ஒரு மர வில்லையை மெழுகு பூசி ஒட்டினால் குழி தானாக விழும். அப்படியானால் புஷ் அந்த வில்லைக்கு மேலிருந்துதான் தொடங்கும்.

தண்டு அளவில் ஏமாறுபவர்கள் நிறைய. அமெரிக்க, பிரிட்டிஷ் செட்களில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஐரோப்பியக் கண்டத்து செட்களில் 6 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். 6.35 துளை 6 மி.மீ. தண்டில் ஆடும், மறுதலையாக உள்ளேயே போகாது. வெர்னியர் வைத்து அளந்த பிறகு புஷ் செய்யுங்கள்.

பாலியூரித்தேனுக்கு ஈரம்தான் எதிரி. அச்சிலோ நிறப்பொருளிலோ துளி ஈரம் இருந்தாலும் நுரைத்துப் பஞ்சாகிவிடும். நீர்ச் சாயம் கூடாது. ரெசினுக்கென்று விற்கும் நிறப்பசை எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். மேலே சொன்ன குமிழுக்கு இரு பாகமும் சேர்ந்து 22 கிராம் அளவு ஆகும், 0.3 கிராம் நிறப்பசை போதும். நிறத்தை முதலில் ஒரு பாகத்தில் கலந்துவிட்டு, பிறகு இரண்டையும் சேருங்கள். சேர்த்தபின் சில நிமிடங்களே கையில் இருக்கும். பேக்கலைட்டின் பழுப்புப் புள்ளி ஓட்டம் வேண்டுமானால் கரும்பழுப்புக் கலவையில் செம்பழுப்பைச் சில சொட்டு விட்டுக் கலக்காமல் ஊற்றுங்கள். காற்றோட்டம் அவசியம், ஆவியில் ஐசோசயனேட் இருக்கிறது. இறுகியபின் 400, 800, 1200 எண் நீர்த்தாளில் வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம்.

கடைசியாகப் பக்கவாட்டில் 2.5 மி.மீ. துளை போட்டு எம் 3 மரை வெட்டிக் கிரப் ஸ்க்ரூ போடுங்கள். ஏசி/டிசி செட்டில் இந்தச் சின்னத் திருகில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. திருகு புஷ்ஷைத் தொடுகிறது, புஷ் தண்டைத் தொடுகிறது, தண்டு சேசிஸோடு இணைந்திருக்கிறது. ஆகவே திருகின் தலை குமிழின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும், அதன்மேல் மெழுகு ஊற்றி அடைக்க வேண்டும். பழைய குமிழ்களில் அந்தத் துளையில் காணும் மெழுகு அழுக்கல்ல. புஷ்ஷும் குமிழின் முகம்வரை வந்துவிடக் கூடாது.

அடுத்தது கண்டென்சர். மெழுகுக் காகிதக் கண்டென்சரைச் சோதித்துப் பார்ப்பதில் பொருளில்லை, காகிதம் ஈரம் குடித்து லீக் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும்தான் மாற்ற நேரம் என்றால், முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து (மின்னோட்டம் சேரும் தகடு) அவுட்புட் வால்வின், அதாவது ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வின், கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) போகும் கப்ளிங் கண்டென்சரை மாற்றுங்கள். அது லீக் ஆனால் கிரிட் பாசிட்டிவாகி, அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, தானும் போய் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகும். மதிப்புகளில் பிடிவாதம் வேண்டாம்: 0.05க்கு 0.047, 0.02க்கு 0.022, 0.25க்கு 0.22 மைக்ரோஃபாரட் போடலாம். எல்லாம் 630 வோல்ட் பிலிம் வகையாக இருக்கட்டும். மெயின்ஸுக்குக் குறுக்கே உள்ளதற்கு எக்ஸ் 2 வகையும், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய் 2 வகையும் (இரண்டும் மெயின்ஸுக்கென்றே செய்யும் பாதுகாப்பு வகைகள்) மட்டுமே போட வேண்டும். மைகா கண்டென்சர்களைக் கெடாதவரை தொடாதீர்கள்.

தோற்றம் காக்க, புதியதைப் பழைய கூட்டுக்குள் ஒளித்து வைக்கலாம். கண்டென்சரைக் கழற்றி, ஹேர் டிரையர் சூட்டில் மெழுகு இளகும்வரை காட்டுங்கள். அட்டைக் குழாயைவிடச் சற்று மெல்லிய மரக்குச்சியால் ஒரு முனையிலிருந்து தள்ளினால் காகிதச் சுருள் மொத்தமாக வெளியே வரும். நெருப்பில் நேராகக் காட்டினால் லேபிள் கருகும். பழைய மெழுகு சிலவற்றில் குளோரின் சேர்ந்த நாப்தலீன் இருக்கும். சமையல் பாத்திரத்தில் உருக்கவோ ஆவியை மூச்சில் இழுக்கவோ கூடாது. காலிக் குழாயில் புது பிலிம் கண்டென்சரை, கால்களை நீட்டிச் சாலிடர் செய்து, நடுவில் நிற்கும்படி வைத்து, இரு முனையையும் அடையுங்கள். பலர் ஹாட் குளூ போடுகிறார்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்கு அருகில், சூட்டில் அது மறுபடி இளகித் தொங்கும். அங்கே எப்பாக்சியால் அடைத்து, மேலே மட்டும் மெழுகு பூசுவது மேல். வெளிச்சுருள் முனை என்று பழைய கூட்டில் பட்டை போட்டிருந்தால் அந்தப் பக்கம் சேசிஸை நோக்கியே இருக்கட்டும்.

எலக்ட்ரோலிட்டிக் (ஃபில்டர்) கண்டென்சரின் டப்பாவை அடியிலிருந்து 10 மி.மீ. மேலே மெல்லிய ரம்பத்தால் சுற்றி அறுத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, 450 வோல்ட், 105 டிகிரி வகைப் புதுக் கண்டென்சர்களை உள்ளே வைக்கலாம். பழைய ரிவெட்டில் சாலிடர் பிடிக்காது. அடியில் புதுத் துளை போட்டு வயரை வெளியே கொண்டுவந்து பழைய டேகில் இணையுங்கள். மேல்மூடியை உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து எப்பாக்சியில் ஒட்டினால் வெட்டு முடிக்கோடாகத்தான் தெரியும். அறுக்கும் முன் டப்பா சேசிஸோடு சேர்ந்திருந்ததா, ஃபைபர் வில்லை வைத்துப் பிரிக்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். பிரிக்கப்பட்டிருந்தால் நெகட்டிவ் நேராகச் சேசிஸுக்குப் போகாது, பயாஸ் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அதை மறந்து சேசிஸில் சேர்த்தால் அவுட்புட் வால்வுக்குப் பயாஸ் (கிரிட்டை நெகட்டிவாக வைக்கும் வோல்டேஜ்) இருக்காது. மதிப்பிலும் தாராளம் காட்டாதீர்கள். 8க்கு 10, 16க்கு 22 மைக்ரோஃபாரட் சரி. ரெக்டிஃபையரை அடுத்து வரும் முதல் கண்டென்சரை ஹம் (மெயின்ஸின் ரீங்கார இரைச்சல்) குறையட்டும் என்று 100 ஆக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் பாயும் கரண்ட் உச்சம் கேத்தோடைச் சிதைக்கும். ஈ.இசட். 80 போன்ற பிற்கால ரெக்டிஃபையருக்கே உச்ச வரம்பு 50 மைக்ரோஃபாரட்தான், பழையவற்றுக்கு அதைவிடக் குறைவு.

மெயின்ஸின் மிகுதி வோல்டேஜை இறக்கும் ட்ராப்பர் ரெசிஸ்டர் கெட்டுப்போன ஏசி/டிசி செட்டுக்கு ஒரு கணக்கு. யூ.சி.எச். 42, யூ.எஃப். 41, யூ.பி.சி. 41, யூ.எல். 41, யூ.ஒய். 41 என்று ஐந்து வால்வுகள். ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) எல்லாம் 100 மில்லி ஆம்பியர், ஒன்றன்பின் ஒன்றாக. வோல்டேஜ் 14, 12.6, 14, 45, 31, மொத்தம் 116.6. மெயின்ஸ் 230 என்றால் மீதி 113.4 வோல்ட்டை இறக்க 1134 ஓம் வேண்டும், 11.3 வாட் சூடாகப் போகும். 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் எடுத்து, பீங்கான் தூண்களில் சேசிஸுக்கு மேலே நிறுத்தினால் நேரடி மாற்று அதுவே.

சூடே வேண்டாம் என்றால் கண்டென்சரால் இறக்கலாம். ஆனால் வோல்டேஜை நேராகக் கழிக்கக் கூடாது. கண்டென்சர் வோல்டேஜும் ஹீட்டர் வோல்டேஜும் செங்கோணத்தில் சேர்வதால் 230இன் வர்க்கத்திலிருந்து 116.6இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 198 வோல்ட். 50 ஹெர்ட்ஸில் இதற்கு 1.6 மைக்ரோஃபாரட் வரும். மலிவான எக்ஸ் 2 கண்டென்சர்கள் இப்படித் தொடர் இணைப்பில் ஓடினால் நாளடைவில் மதிப்பு குறையும். மோட்டார் ரன் வகைப் பாலிப்ரொப்பிலீன், 400 வோல்ட் ஏசி, நீடித்து உழைக்கும். குறுக்கே 470 கிலோ ஓம், தொடரில் 47 ஓம் 5 வாட் போடுங்கள். இது ஹீட்டர் சங்கிலிக்கு மட்டும். ரெக்டிஃபையர் பிளேட்டுக்குப் போகும் தனிச் சிறு ரெசிஸ்டர் அங்கேயே இருக்க வேண்டும். டிசி மெயின்ஸில் இந்த செட் இனி ஓடாது, அதனால் எவருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது வழி டயோடு. ஒரு டயோடு போட்டால் வோல்டேஜ் பாதியாகும், 115 வரும், ஹீட்டருக்குச் சரியாகப் போச்சு என்று எழுதுபவர்கள் உண்டு. தவறு. அரை அலையின் சூடாக்கும் மதிப்பு 230ஐ 1.414ஆல் வகுத்தால் வரும் 163 வோல்ட். மிச்சம் 46 வோல்ட்டுக்கு இன்னும் 460 ஓம் போட்டே ஆக வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இந்த அலையைச் சரியாகக் காட்டாது என்பதால் தவறு வெளியே தெரிவதே இல்லை, வால்வுகள் மட்டும் சீக்கிரம் போகும்.

டயல் பல்பை எல்.ஈ.டி. ஆக்கும் ஆசையும் இங்கே வரும். பல்பு ஹீட்டர் சங்கிலியிலோ ரெக்டிஃபையர் ஹீட்டரின் டேப்பிலோ இருந்தால் கூடாது, அது சர்க்யூட்டின் பகுதி.

ஸ்பீக்கரின் ஃபீல்டு காயில் (மின்காந்தச் சுருள்) அறுந்திருந்தால் அது காந்தம் மட்டுமல்ல, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் சோக்கும் அதுவே என்பதை நினைவில் வையுங்கள். நிலைக்காந்த ஸ்பீக்கர் போட்டால் காயில் இருந்த இடத்தில் அதே ஓம் ரெசிஸ்டர் வர வேண்டும். 1500 ஓம் காயிலில் 60 மில்லி ஆம்பியர் ஓடினால் 90 வோல்ட் இறங்கும், 5.4 வாட் ஆகும், ஆகவே 15 வாட் ரெசிஸ்டர். சோக் போய்விட்டதால் ஹம் கூடும். அதைக் குறைக்க இரண்டாவது ஃபில்டர் கண்டென்சரை மட்டும் 47 மைக்ரோஃபாரட் வரை உயர்த்துங்கள்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றாக, பொது அறிவிப்பு ஒலிபெருக்கிகளில் வரும் 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் நன்றாகப் பொருந்தும், இது பலருக்குத் தோன்றுவதில்லை. 10,000ஐ டேப்பின் வாட்டால் வகுத்தால் இம்பீடன்ஸ் கிடைக்கும். 2 வாட் டேப் என்றால் 5000 ஓம், 6 வி 6 வால்வுக்கு அளந்து செய்ததுபோல. ஒரு குறை உண்டு: இதன் இரும்புத் தகடுகளில் காற்றிடைவெளி இல்லாததால் வால்வின் டிசி கரண்டில் இரும்பு நிறைவுற்றுக் கீழ்ச்சுருதி போய்விடும். 10 வாட் அளவுள்ளதாக எடுங்கள். இல்லாவிட்டால் தகடுகளைப் பிரித்து, ஈ வடிவங்களை எல்லாம் ஒரு பக்கமும் ஐ வடிவங்களை மறுபக்கமும் அடுக்கி, நடுவே 0.1 மி.மீ. காகிதம் வைத்து இறுக்குங்கள்.

80 என்ற ரெக்டிஃபையர் வால்வு கிடைக்காவிட்டால் 5 ஒய் 3 வால்வு மின்னளவில் அதேதான், இழை இரண்டிலும் 5 வோல்ட் 2 ஆம்பியர். காலமைப்புதான் வேறு. செத்த 80 வால்வின் அடிக்கட்டையை எடுத்து, மேலே ஆக்டல் சாக்கெட் ஒட்டி, 80இன் 1, 4 கால்களை ஆக்டலின் 2, 8க்கும், 2, 3 கால்களை 4, 6க்கும் இணைத்தால் அடாப்டர் தயார். கண்ணாடியைத் துணி சுற்றித்தான் உடைக்க வேண்டும், உள்ளே வெற்றிடம். வால்வுக்குப் பதில் 1 என் 4007 டயோடுகள் போடுவதானால் சுவிட்ச் போட்ட நொடியே, மற்ற வால்வுகள் சூடாகும் முன், ட்ரான்ஸ்ஃபார்மரின் 350 வோல்ட் சுருளிலிருந்து 495 வோல்ட் வந்து 450 வோல்ட் கண்டென்சர்களில் நிற்கும். அதனால்தான் அடாப்டரே மேல்.

டயல் கண்ணாடியில் எழுத்து பின்பக்கத்தில்தான் இருக்கும். உடைந்த துண்டுகளைக் கழுவாதீர்கள், எழுத்து தண்ணீரோடு போய்விடும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோடுகளை வெக்டராக வரைந்து, இடவலம் மாற்றிப் புதுக் கண்ணாடியின் பின்பக்கத்தில் யூவி பிரிண்ட் எடுங்கள். எழுத்துக்குப் பின்னால் வெள்ளை அடுக்கு வேண்டும், இல்லாவிட்டால் பல்பு வெளிச்சத்தில் எழுத்து கரைந்துபோகும். ஸ்கேனின் அளவை இரு திசையிலும் அளவுகோலால் சரிபாருங்கள். 250 மி.மீ. டயலில் ஒரு சதவீதப் பிழை என்றால் 2.5 மி.மீ., மீடியம் வேவில் அது பக்கத்து நிலையம். முதலில் காகிதத்தில் அச்சிட்டுச் செட்டில் ஒட்டி, முள் இரு கோடியிலும் நிற்பதையும், தெரிந்த மூன்று நிலையங்கள் விழும் இடத்தையும் பார்த்தபின் கண்ணாடிக்குப் போங்கள்.

டயல் நூலுக்கு நைலான் வேண்டாம், நீளும். 0.8 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் நல்லது. டியூனிங் தண்டில் இரண்டரைச் சுற்று போதும். பின்மூடிக்கு 3 மி.மீ. ஹார்டுபோர்டு, காற்றுத்துளைகள் பழைய இடத்திலேயே. ஏசி/டிசி செட்டில் மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. ஸ்பீக்கர் துணி எதுவானாலும் வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் போக வேண்டும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழைப் பல்பைத் தொடரில் போடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்து மங்கினால் சரி, மங்காமல் நின்றால் உடனே அணையுங்கள். பிறகு நேரடியாகக் கொடுத்து, ஒவ்வொரு வால்வு ஹீட்டரிலும் வோல்டேஜைப் பார்த்து, அவுட்புட் வால்வின் கிரிட் வோல்டேஜை அளந்து பாருங்கள். அரை வோல்ட் பாசிட்டிவ் இருந்தாலும் கப்ளிங் கண்டென்சரையோ வால்வையோ சந்தேகியுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர்களை இறக்கிவிட்டு, நீங்கள் செய்து போட்ட கண்டென்சர், ட்ரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு வயர்வவுண்ட் ரெசிஸ்டரைத் தவிர வேறெதில் இருந்தாலும் அந்தப் பாகத்தின் வாட், வோல்ட் கணக்கை மறுபடி போட வேண்டும்.